பதினேழு ஓட்டு

பதினேழு ஓட்டில் என்னைத் தோற்கடித்தவர் கிட்டுச்சாமி.
அதில் நாலு என் மாமனார் வீட்டு ஓட்டு.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
இனி நான் சொல்வதையெல்லாம்
பொறாமையைக் கழித்துவிட்டு வாசிக்கலாம்.

ஒழலப்பதிக்கு மேற்கே ஏழு ஏக்கர் அவருக்கு.
நிலக்கடலை, வரப்போரம் துவரை,
அறுபது தென்னை, கள்ளுக்கு விட்டது இருபது.
அறுநூறு அடிக்குப் போட்ட போரில்
மூன்று நாளும் புழுதிதான் வந்தது.
பட்டா பாலக்காட்டில்,
செல்போன் சிக்னல் சில நேரம் கோயம்புத்தூரில்,
மழை இரண்டு பக்கமும் இல்லை.

வார்டு மெம்பராக இருந்தபோது
ஆட்டுக்கு ஊசி, விதவைப் பென்ஷன், உடைந்த தெருக்குழாய்.
கூட்டக் குறிப்பு மலையாளத்தில்.
கையெழுத்துக்கு முன் செகரட்டரியை
உரக்க வாசிக்கச் சொல்வார்:
"மெதுவா சார், இது தமிழ்க் காது."

எம்.எல்.ஏ. ஆனது விபத்து.
கட்சியில் இரண்டு பேர் முட்டிக்கொண்டதில்
நடுவில் நின்ற ஆளுக்குச் சீட்டு.
ஜீப்பில் நின்று மைக்கில் நான் கேட்டேன்:
கடலை பிடுங்கின கை
சட்டசபையில் என்னத்தைப் பிடுங்கும்?
கொழிஞ்சாம்பாறைச் சந்தையே சிரித்தது.
உரமூட்டையோடு ஓரத்தில் நின்ற அவரும்.

தமிழில்தான் உறுதிமொழி எடுத்தார்.
ஒரு கேள்வியில் 'கடைமடை' என்று எழுதிக் கொடுக்க,
மொழிபெயர்ப்பவர் போனில் கேட்டாராம்,
அது எந்த ஊர்?
"எங்க ஊருதான் சார்.
தண்ணிக்கு இன்னும் வழி தெரியல."

பொள்ளாச்சியில் ஆழியாற்றுப் பேச்சுவார்த்தை.
மேஜைக்கு எதிர்ப்பக்கத்து அதிகாரி
இங்கிலீஷில் தொடங்கினார்.
இவர் தமிழில் பதில் சொன்னதும்
"அட, நம்மாளா நீங்க!" என்று
பிஸ்கட் தட்டை நகர்த்தி வைத்தார்.
பிஸ்கட் வந்தது. கன அடி ஏறவில்லை.
அடுத்த வாரம் திருவனந்தபுரத்தில் ஒருவர்:
"நிங்களுடெ ஆள்க்கார் தானே
வெள்ளம் தராத்தது?"

என் ஆட்கள் யார் என்று
ராத்திரி ரயிலில் எண்ணினாராம்.
பூவாத்தாள், இரண்டு மகள்கள், சினையாய் ஓர் எருமை.
ஷொரணூர் வரைக்கும்
கணக்கு அதற்கு மேலே போகவில்லை.

எல்லாம் நல்லதாகச் சொல்ல மாட்டேன்.
தமிழ் மீடியத்தில் வாத்தியார் இல்லாத இரண்டு வருஷம்
அவர் சபையில் வாய் திறக்கவில்லை.
என் மகள் அப்போது மூன்றாம் வகுப்பு.
நேரில் போய்க் கேட்டேன்.
"கட்சி," என்றார்.
தரையைப் பார்த்துக்கொண்டு,
ஒரே சொல்.

கால்வாய் இரண்டரை கிலோமீட்டர் நீண்டது.
மூன்றாவது கிலோமீட்டரில் ஆட்சி மாறியது.
மிச்சத்தை நாங்களே மண்வெட்டியால் கீறினோம்,
கொடி பார்க்காமல் எண்பது பேர்.
அவர் நிலம் மூன்றே முக்காலில்,
என்னுடையது அதற்கும் கீழே.

தோற்றபின் மறுபடி வார்டுக்கு நின்றார்.
எம்.எல்.ஏ. மெம்பராவதா என்று ஊர் கூசியது.
அந்தத் தடவைதான் பதினேழு.

போன மாசி, ராத்திரி மூன்றேமுக்கால்.
நாலு மணி வரை அவர் முறை.
என் கடலை பூ விட்டுக் காய்ந்து நின்றது.
பத்து நிமிஷம் முன்னால் விடுங்க, என்றேன்.
சபையில் கொடுத்த கைக்கடிகாரத்தை
டார்ச் அடித்துக் காட்டினார்.
விடவில்லை.
கோபத்தில் பீடி நனைந்தது கூடத் தெரியவில்லை எனக்கு.

நாலுக்குத் தன் மடையைத் தானே அடைத்தார்,
இரண்டு வெட்டு மண்.
என்னுடையதைத் திறக்க அவர் குனிந்தபோது
தள்ளுங்க, என்றேன், அது என் மடை.

வெள்ளிக்கிழமை வேட்புமனு.
இந்த முறையும் அவருக்கு எதிராகத்தான்,
அவருக்கும் தெரியும்.

சரி என்று நகர்ந்து நின்று
நான் வெட்டுகிற இடத்துக்கு
டார்ச்சை மட்டும் பிடித்தார்.